ஹெதரிடம் மாட்டிக்கொண்டேன்!

''ஹெதர்கிட்ட மட்டும் மாட்டிக்காதே. ஒரு தடவை பிடிச்சா லேசுல விடாது!''

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மேனேஜர் இப்படிச் சொன்னார். இங்கிலாந்தில் ஹெதர் என்று பெண்கள் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆளை எடைபோடும் ஏதோ ஒரு கண்டிப்பான ஆபீஸ் அம்மாள் என் மனக்கண்ணில் வந்து நின்றார். ''எந்த டிபார்ட்மென்ட் சார்?'' என்று பவ்யமாகக் கேட்டேன்.

மேனேஜர் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெதர் என்பது ஒரு செடி. முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் குலுங்கும். காலண்டரில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதற்குள் ஒரு கோல்ஃப் பந்து விழுந்துவிட்டால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

இது 2023-ல் நடந்தது. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் எனக்கு ஆறு மாத புராஜெக்ட். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கோல்ஃப் பேசுவார்கள். நான் ஊமையாக சாண்ட்விச் மெல்லுவேன். சென்னையில் எனக்கும் கோல்ஃபுக்கும் இருந்த ஒரே உறவு, நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று ஏதோ தெரிகிறதே என்று எட்டிப் பார்ப்பதுதான். 'இனி பொறுப்பதில்லை' என்று நாலு மாதம் சனிக்கிழமை தோறும் டிரைவிங் ரேஞ்சுக்குப் போய்ப் பந்து அடித்துப் பழகினேன். ஒரு பழைய பொருள் கடையில் மட்டைகள் வாங்கினேன். ஏரியில் விழுந்த பந்துகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து மலிவாக விற்கிறார்கள், அதிலும் இரண்டு டஜன். செய்தி மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. ''ஞாயித்துக்கிழமை ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் வா, ஆடலாம்'' என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு காரியமும் செய்திருந்தேன். நாற்பது டெஸ்ட் ஓட்டி ரிப்போர்ட் தர வேண்டும். முப்பத்துநாலு ஓட்டினேன். மணி ஐந்தரை. பாக்கி ஆறும் எப்போதும் பாஸ் ஆகிற டெஸ்ட்தான். ஆகவே ஆறுக்கும் 'பாஸ்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆபீஸில் குப்பை கொட்டுகிற யாரும் என்னைப் பார்த்துக் கல்லெறிய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த விஷயம் ஓரமாக இருக்கட்டும். பிறகு வருகிறேன்.

* * *

ஞாயிறு காலை ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஸ்டேஷனில் இறங்கினேன். மேனேஜர் காரோடு நின்றார். பின் சீட்டில் அவருடைய மாமனார். வயது எழுபத்தெட்டு, ரிட்டயர்டு தபால்காரர். என்னை 'சன்' என்று கூப்பிட்டார். நம்ம ஊர்ப் பெரியவர்கள் முன்பின் தெரியாத பையனை 'தம்பி' என்பார்களே, அதே எடை.

ஃபாரஸ்ட் என்றதும் நான் முதுமலை ரேஞ்சுக்குக் கற்பனை செய்திருந்தேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெட்டவெளி! மேடும் பள்ளமுமாகக் கத்தரிப்பூ நிறம், இடையிடையே முள் புதர், தூரத்தில் பைன் மரக் கூட்டம். ''காடு எங்கே?'' என்று கேட்டேன். ''இதுதான்'' என்றார் பெரியவர்.

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் என்றால் ராஜா மான் வேட்டையாடுவதற்கு ஒதுக்கி வைத்த நிலம். மரம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. திருச்செந்தூர் பக்கம் செம்மண் மேட்டைத் தேரிக்'காடு' என்றுதானே சொல்கிறோம்!

இந்த மாதிரி நிலத்துக்கு 'ஹீத்' என்று பெயர். புளித்த, சத்தில்லாத மணல் மண். விவசாயத்துக்கு உதவாது. ஆனால் இது தானாக வந்த நிலமும் இல்லை. ஆதியில் இருந்த மரங்களை மனிதர்கள் வெட்டினார்கள். ஆடு மாடு மேய்த்தார்கள். அடுப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் செடி அறுத்துப் போனார்கள். இப்படிப் பல நூற்றாண்டு சுரண்டிச் சுரண்டியே ஹெதர் பரவியது. மேய்ச்சலை நிறுத்தினால் மறுபடி பிர்ச்சும் பைனும் முளைத்து மூடிவிடும். 1800-லிருந்து கணக்குப் போட்டால் பிரிட்டனின் சமவெளி ஹீத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. அதனால் இன்றைக்குப் பல கோல்ஃப் கிளப்புகள் மரத்தை வெட்டி ஹெதரை வளர்க்கின்றன. மரம் வெட்டுவது புண்ணிய காரியமாக இருக்கும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, தரிசு நிலத்துக்குக் கோல்ஃப் எப்படி வந்தது? கோல்ஃப் ஸ்காட்லாந்துக் கடற்கரை மணலில் வளர்ந்த ஆட்டம். மணலில் மழைத் தண்ணீர் நிற்காது. லண்டன்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் லண்டனைச் சுற்றிக் களிமண். குளிர்காலத்தில் ஆடினால் பந்தைவிட ஷூவைத்தான் அதிகம் தேட வேண்டும். அப்புறம்தான் ரயிலில் போகிற தூரத்திலேயே ஹீத் கிடப்பது கண்ணில் பட்டது. எதற்கும் உதவாத நிலம், அடியில் மணல். லண்டன் வக்கீல்கள் சிலர் சேர்ந்து 1893-ல் வோக்கிங்கில் ஆரம்பித்தார்கள். 1901-ல் சன்னிங்டேல், 1904-ல் வால்டன் ஹீத் என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு மூட்டை கோதுமைகூட விளையாத மண், ஊரிலேயே கிராக்கியான இடமாகிவிட்டது!

நாங்கள் போன ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் கிளப் இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1888. கோல்ஃப் மைதானம் என்றால் மணல் நிரப்பிய பங்கர் குழிகள் நினைவுக்கு வருமில்லையா? இங்கே ஒன்றுகூடக் கிடையாது. காட்டைக் காப்பதற்கு 1885-லேயே சட்டம் வந்து, கண்காணிக்க ஓர் அமைப்பும் வந்துவிட்டது. 'இஷ்டத்துக்குத் தோண்டாதே' என்பது கட்டளை. ''பங்கரே இல்லையா? ரொம்ப சுலபமாச்சே!'' என்றேன்.

மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

* * *

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மொத்தம் பதினெட்டு குழி. ஒவ்வொன்றிலும் எத்தனை அடியில் பந்தைத் தள்ளுகிறீர்கள் என்பது கணக்கு. என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குச் சலுகை உண்டு. எனக்குக் குழிக்கு மூன்று அடி. அதாவது, நாலு அடியில் முடிக்க வேண்டியதை நான் ஏழில் முடித்தால் இரண்டு பாயின்ட், ஆறில் முடித்தால் மூன்று, எட்டானால் ஒன்று. 1932-ல் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. ஒரு குழியில் மொத்தமாகச் சொதப்பினாலும் பூஜ்யத்தோடு போகும், அடுத்த குழியில் புது வாழ்க்கை. டாக்டருக்குக் கோயில் கட்டலாம். பந்தயம், ஜெயிப்பவருக்கு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பவுண்டு.

முதல் குழி. மட்டையைச் சுழற்றினேன். பந்து அழகாக எழும்பி, அழகாக இடது பக்கம் வளைந்து, அழகான அந்தக் கத்தரிப்பூ நிறத்துக்குள் போய் இறங்கியது.

பந்தைத் தேட மூன்று நிமிஷம்தான் அவகாசம். 2019-க்கு முன்னால் ஐந்தாக இருந்ததாம். மூன்று பேரும் குனிந்து, காணாமல் போன மூக்குத்தியைத் தேடுகிற மாதிரி தேடினோம். கிடைத்தது. அடியில், ஒரு கூட்டுக்குள் முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

'குழி வெகு தூரம், பெரிய அடியாக அடிப்போம்' என்று நீளமான மட்டையை எடுத்து ஓங்கினேன். ஹெதரின் தண்டு ஒவ்வொன்றும் கட்டுக்கம்பி மாதிரி. மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். பந்து ஓரடி நகர்ந்தது, இன்னும் ஆழமாக. கோபத்தோடு இன்னொன்று. மணிக்கட்டு 'விண்'ணென்றது. மூன்றாவது அடியில் ஒரு கொத்து பூ மட்டும் பறந்து வந்து பெரியவர் தொப்பியில் உட்கார்ந்தது.

அவர் அதை எடுக்காமலே சொன்னார். ''சன், தப்பு உள்ளே வந்ததுல இல்லை. உள்ளே இருந்துகிட்டே ஜெயிக்கணும்னு நினைக்கிறியே, அதுதான். குட்டை மட்டையை எடு. இடது கையை இறுக்கிப் பிடி. செங்குத்தா ஒரு வெட்டு. குழியைப் பார்க்காதே. பக்கத்துல புல் எங்கே இருக்கு, அதைப் பாரு. ஒரு அடி போச்சுன்னு கணக்கு எழுது. வெளியே வா.''

அப்படியே செய்தேன். பந்து பக்கவாட்டில் நாலு கஜம் உருண்டு வெட்டிய புல்லில் வந்து நின்றது. உலகக் கோப்பையே கிடைத்த மாதிரி இருந்தது.

பெரியவரிடம் ஆறே ஆறு மட்டை. விதிப்படி பதினாலு வைத்துக்கொள்ளலாம். அவர் உள்ளூர்த் தொழிலாளிகளின் கிளப்பைச் சேர்ந்தவர். மைதானப் பராமரிப்பில் கைகொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஆடுகிற தொழிலாளர் கிளப்புகள் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏராளம். இங்கே இருப்பதன் பெயர் கேன்டலூப். அதில் கற்றுக்கொண்டு வந்தவர்தான் ஏப் மிட்செல். விதை வியாபாரி சாமுவேல் ரைடர் அவரையே தனக்குக் குருவாக வைத்துக்கொண்டார். 1927-ல் ஆரம்பித்த ரைடர் கோப்பையின் உச்சியில் மட்டையோடு ஒரு குட்டிப் பொம்மை நிற்கிறதே, அது மிட்செல்தான். ''எங்க ஆளு'' என்றார் பெரியவர், சொந்தச் சித்தப்பாவைச் சொல்வது போல.

ஹெதரோடு இன்னொரு எதிரியும் உண்டு. மஞ்சள் பூ, ஊசி ஊசியாக முள். இதன் பெயர் கோர்ஸ். ஆக, கோல்ஃப் கோர்ஸ் முழுக்கக் கோர்ஸ்! இதற்குள் பந்து போனால் ஒரு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பூவை முகர்ந்து பார்த்தேன். சார், சத்தியமாகத் தேங்காய் வாசனை! ஊரை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முள் குத்தினாலும் பரவாயில்லை என்று இன்னொரு தடவை முகர்ந்தேன்.

* * *

பாதி ஆட்டத்துக்கு மேல் எனக்குக் கை கூடி வந்தது. பேராசைப்படாமல் குட்டையாக அடித்தேன். மேகம் விலகி வெயில் வந்தது. நாயோடு நடைபோகிற ஜனங்கள் குறுக்கே போவார்கள். பொது ஜனம் நடக்க உரிமையுள்ள நிலம் அது. நாம்தான் காத்திருக்க வேண்டும். குழந்தைகள் படிக்கும் 'வின்னி தி பூ' கரடிக்குட்டிக் கதைகள், 1926-ல் வந்ததே, அது நடப்பதும் இந்தக் காட்டில்தான்.

அதே 1926-ல் இன்னொரு ஹீத் மைதானமான சன்னிங்டேலில் நடந்த ஒரு சாதனையை மேனேஜர் சொன்னார். அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ், பிரிட்டிஷ் ஓபனுக்கான தகுதிச் சுற்றில் 66 அடியில் முடித்தார். முதல் ஒன்பது குழிக்கு 33, அடுத்த ஒன்பதுக்கும் 33. அந்த வருஷம் ஓபன் கோப்பையும் அவருக்குத்தான்.

எனக்கு இன்னொரு ஜோன்ஸ் கதையும் தெரியும். அதை எதற்கு நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு நாலு அடிக் குழி. என் பந்து மறுபடி ஹெதரில். மேனேஜர் அந்தப் பக்கம், பெரியவர் மேட்டுக்கு அப்பால் தன் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதிர்ஷ்டம், என் பந்து உள்ளே போகாமல் ஒரு கொத்தின் தலைமேல் சவாரி செய்துகொண்டிருந்தது. மட்டையைப் பின்னால் வைத்தேன். செடி அசைந்தது. பந்து பொத்தென்று ஓர் அங்குலம் கீழே இறங்கியது.

தேடும்போது தெரியாமல் நகர்ந்தால் தண்டனை இல்லை. அடிக்கத் தயாராகி நிற்கும்போது நாமே நகர்த்தினால் ஓர் அடி தண்டனை. இவ்வளவு எனக்குத் தெரியும்.

சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. நடைபாதையில் ஒரு லேப்ரடார் நாய் மட்டும் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. 'வேணும்னா செஞ்சேன்? ஓர் அங்குலம்தானே?' என்று நாயிடம் கண்ணாலேயே வாதாடினேன். அடித்தேன். பந்து வெளியே வந்தது. அந்தக் குழியை முடித்ததும் மேனேஜர் பென்சிலோடு கேட்டார், ''எத்தனை?''

''ஆறு.''

1925-ல் அமெரிக்க ஓபனில் ஜோன்ஸுக்கும் இதுவேதான் நடந்தது. கரடுமுரடான புல்லில் பந்து துளி நகர்ந்தது. அவர் தவிர யாரும் பார்க்கவில்லை. தனக்குத் தானே ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். கடைசியில் ஆட்டம் சமம். மறு ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் இருந்திருந்தால் கோப்பை அவர் வீட்டில். இதற்காக யாராவது அவரைப் பாராட்டினால் அவருக்குப் பிடிக்காதாம்.

கிரிக்கெட்டில் அம்பயர் இருக்கிறார். ஃபுட்பாலில் விசில் இருக்கிறது. ஆட்களை விழுங்குகிற அகல நிலத்தில், பந்தை விழுங்குகிற ஒரு செடிக்குள் ஆடுகிற இந்த ஆட்டத்தில், எண்ணுகிறவன் நான் மட்டும்தான். மிச்சக் குழிகளில் எல்லாம் அந்த நாய் என் பின்னாலேயே வந்த மாதிரி இருந்தது.

பதினெட்டும் முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜர் கூட்டினார். ''நான் 28. மாமா 31. நீ... 32! பலே!'' பெரியவர் கை குலுக்கிவிட்டு, பையில் பவுண்டு நாணயத்தைத் துழாவினார்.

அந்தச் சுருக்கம் விழுந்த கையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

''ஒரு நிமிஷம்'' என்றேன். சொல்லிவிட்டேன். செடி அசைந்தது, பந்து இறங்கியது, நாய் பார்த்தது எல்லாம். மனசுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. ஓர் அடி குறைந்தால் 31. பெரியவரோடு சமம். கௌரவமாகவே முடியும்.

பெரியவர் கேட்டார். ''பந்தைப் பழையபடி மேலே தூக்கி வெச்சு அடிச்சியா?''

''இல்லை, இறங்கின இடத்திலேயே அடிச்சேன்.''

''அப்போ ஒண்ணு இல்லை, ரெண்டு.''

உண்மையைச் சொல்லப் போன இடத்தில் வட்டியும் சேர்த்து வாங்கினார்கள்! ஆறு எட்டானது. மூன்று பாயின்ட் ஒன்றானது. என் மொத்தம் 30. மேனேஜர் ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, எழுதினார். பெரியவருக்கு வெற்றி.

நான் காத்திருந்தேன். எதற்கு? முதுகில் ஒரு தட்டு, 'பார், எவ்வளவு நேர்மை!' என்று ஒரு வார்த்தை, குறைந்தபட்சம் கண்ணில் ஒரு ஈரம்... ஊஹூம். ''டீயா, காபியா?'' என்றார் மேனேஜர். பெரியவர் என் உள்ளங்கையிலிருந்து பவுண்டை எடுத்துக்கொண்டு, ''கேக்கும் நல்லா இருக்கும்'' என்றார். அவ்வளவுதான்.

எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. டீயில் சர்க்கரை கரைவதற்குள் புரிந்துவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. தப்பாகக் கூட்டிய கணக்கைச் சரியாகக் கூட்டினேன். ஜோன்ஸுக்குப் பாராட்டு ஏன் பிடிக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது.

* * *

திங்கட்கிழமை காலை. அந்த ஆறு டெஸ்ட், ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இரவெல்லாம் ஞாபகம் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? புராஜெக்ட் நீடிப்புக்கு என் பெயரைப் பரிசீலித்துக்கொண்டிருந்த சமயம். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன். சொல்லாவிட்டால்? யாரும் பார்க்கவில்லை, நாய்கூட இல்லை. ரிப்போர்ட்டை நைஸாக மாற்றி 'திருத்திய பிரதி' என்று அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதாவது ஹெதருக்குள்ளிருந்தே நீளமான மட்டையை ஓங்குகிற அதே புத்தி.

'குழியைப் பார்க்காதே. பக்கத்துல புல் எங்கே இருக்கு, அதைப் பாரு.'

எழுந்து போனேன். ''வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் ஆறு டெஸ்ட் ஓட்டாமலே பாஸ் போட்டுவிட்டேன்'' என்று ஒரே மூச்சில் சொன்னேன். குட்டை மட்டை, செங்குத்தாக ஒரு வெட்டு.

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். சில விநாடி பார்த்தார். முகம் நன்றாக இல்லை. ''கிளையன்டுக்கு இன்னும் அனுப்பலை. எப்போ ஓட்டி முடிப்பே?''

''மத்தியானத்துக்குள்ளே.''

''இனிமே எல்லா ரிப்போர்ட்டும் என்கிட்ட காட்டிட்டுத்தான் போகணும். மூணு மாசத்துக்கு.''

இதிலும் ஒன்றில்லை, இரண்டு!

மத்தியானம் டெஸ்ட் ஓட்டினேன். ஐந்து பாஸ். ஆறாவது ஃபெயில்.

அந்த ஃபெயிலைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. புராஜெக்ட் நீடிப்பு கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைக்கவில்லை. பட்ஜெட் இல்லை என்று எங்கள் டீமில் எல்லோரையுமே அனுப்பிவிட்டார்கள். கடனை இங்கிருந்தே கட்டி முடித்தேன்.

கிளம்பும் அன்று மேனேஜர் ஒரு சின்ன கவரைக் கையில் கொடுத்தார். ''மாமா கொடுக்கச் சொன்னார்.'' பிரித்தேன். காய்ந்துபோன ஒரு கொத்து ஹெதர். கூடவே ஒரு பவுண்டு நாணயம்.

நாணயத்தை ஏர்போர்ட்டில் காபிக்குச் செலவழித்துவிட்டேன். ஹெதர் மட்டும் ஆபீஸில் என் மானிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதைத் தாண்டிப் போவது கொஞ்சம் கஷ்டம்தான் சார். பிடிச்சா லேசுல விடமாட்டேங்குது!